டைட்டானியம் தாடையும் சில நானோமீட்டர் ஆக்சைடும்

2011 ஜூன் மாதம் நெதர்லாந்தில் 83 வயது மூதாட்டி ஒருவரின் கீழ்த்தாடையை முழுவதுமாக எடுத்துவிட்டு, அச்சிட்ட டைட்டானியம் தாடையைப் பொருத்தினார்கள். எலும்பில் கடுமையான தொற்று. அந்த வயதில் உடம்பின் வேறிடத்திலிருந்து எலும்பெடுத்து, மணிக்கணக்கில் அறுவை செய்து தாடையைக் கட்டியெழுப்புவது ஆபத்து என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். பெல்ஜியத்தில் இருந்த லேயர்வைஸ் நிறுவனம் டைட்டானியம் பவுடரை லேசரால் உருக்கி, 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு 33 அடுக்குகள் என்ற கணக்கில் அந்தத் தாடையைச் செய்துகொடுத்தது. எடை 107 கிராம். மறுநாளே அவரால் பேசவும் விழுங்கவும் முடிந்தது. 2012 பிப்ரவரியில் செய்தி வெளியே வந்தபோது எல்லோரும் பிரிண்டரைப் பற்றித்தான் பேசினார்கள்.

எனக்கு அதில் பெரிதாகப் பட்டது, ஒரே வரியில் வந்துபோன ஒரு தகவல். அச்சிட்டு முடித்த தாடைக்கு மேல் பயோசெராமிக் பூச்சு, அதாவது உடம்போடு ஒத்துப்போகும் பீங்கான் வகைப் பூச்சு, கொடுத்திருந்தார்கள். நம் செல்கள் டைட்டானியத்தை நேரடியாகத் தொடுவதே இல்லை. அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடையோ பூச்சையோதான் தொடுகின்றன. உலோக இம்ப்ளாண்ட்டுகளுக்கு மேற்பரப்பு வேலை செய்வதுதான் என் தொழில் என்பதால் இந்த வரி என் கண்ணில் பட்டிருக்கலாம். ஆனால் அச்சிட்ட இம்ப்ளாண்ட்டைப் பற்றித் தமிழில் எழுதப்படுகிறவை பெரும்பாலும் பிரிண்டரோடு நின்றுவிடுகின்றன. பிரிண்டரிலிருந்து வெளியே வந்த பிறகு நடக்கும் வேலையைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும் என்று பல நாளாக ஆசை.

எலும்பு விரும்புகிற மேற்பரப்பு வேறு, உலோகம் நீண்ட காலம் தாங்குவதற்குத் தேவையான மேற்பரப்பு வேறு. எல்லா இம்ப்ளாண்ட்டிலும் இந்த இழுபறி உண்டு. அச்சிட்டதில் அது மிகக் கூர்மையாக இருக்கிறது.

டைட்டானியம் துருப்பிடிக்காது என்று பொதுவாகச் சொல்கிறோம். தங்கம், பிளாட்டினம் மாதிரி எதோடும் சேராத உலோகம் என்று அதற்கு அர்த்தமில்லை. டைட்டானியம் ஆக்சிஜன் மேல் தீராத நாட்டமுள்ள உலோகம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கருமணலில் இருக்கும் இல்மனைட் இதன் தாது. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு பின்னிக்கிடக்கிற கருப்புத் தாது அது. அதிலிருந்து உலோகத்தைப் பிரிக்க முதலில் குளோரினோடு சேர்த்து டெட்ராகுளோரைடு ஆக்க வேண்டும், அப்புறம் சூடான மெக்னீசியத்தை வைத்துக் குளோரினைப் பிடுங்க வேண்டும். வில்லியம் க்ரோல் கண்டுபிடித்த இந்த வழியில்தான் இன்றும் உலகத்தின் டைட்டானியம் ஸ்பாஞ்சில் (துளைகள் நிறைந்த கச்சா டைட்டானியத்தில்) பெரும்பகுதி தயாராகிறது. இவ்வளவு பாடுபட்டு விலக்கிய ஆக்சிஜனை, வெட்டிய டைட்டானியம் காற்றைக் கண்ட கணமே மறுபடி இழுத்துக்கொள்கிறது. ஆனால் இந்த முறை மேலே சில நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கனத்துக்கு மட்டும். அந்தப் படலம் அடர்த்தியானது, கீழே இருக்கும் உலோகத்தோடு இறுக ஒட்டியது, கீறினாலும் உடனே தானாக மூடிக்கொள்வது. உப்புநீரில், இம்ப்ளாண்ட்டுகளுக்குப் பயன்படும் 316எல் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழிவிழ ஆரம்பிக்கும் மின்னழுத்தத்தைத் தாண்டியும் டைட்டானியம் அசையாமல் இருப்பதற்குக் காரணம் இந்தப் படலம்தான்.

ஸ்வீடனில் பேர்-இங்வார் ப்ரோனமார்க் 1950-களில் முயலின் எலும்புக்குள் டைட்டானியக் கூடு ஒன்றை வைத்து இரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து கூட்டைக் கழற்றப் போனபோது அது எலும்போடு ஒன்றாகிவிட்டிருந்தது. 1965-இல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் பல் வேர்களை அவர் பொருத்தினார். அந்த நோயாளி 2006-இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுக்கு மேல், அவை வேலை செய்தன. அப்போது பொருத்தியது கடைந்து எடுத்த திருகு. மேற்பரப்பில் லேசான கடைசல் வரிகள் மட்டும்தான் இருந்தன.

அச்சிட்ட துண்டின் மேற்பரப்பு அப்படி இருக்காது.

லேசர் பிரிண்டரில் போடும் பவுடர் பெரும்பாலும் 15 முதல் 45 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள உருண்டைகள். எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு நிரம்பிய அறைக்குள் 30 முதல் 60 மைக்ரான் கனமுள்ள அடுக்காகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசர் உருக்கும். உருகிய குட்டையின் ஓரத்தில் இருக்கும் உருண்டைகள் பாதி உருகி, பாதி உருகாமல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் முறுக்கில் எள் ஒட்டியிருக்கிற மாதிரி இருக்கும். கீழ்நோக்கிய சரிவுகளில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே உருகிய உலோகத்துக்கு அடியில் தாங்குவது வெறும் பவுடர்தான். எலக்ட்ரான் கற்றையில் அச்சிடும் இயந்திரங்களில் பவுடரும் பெரிது, அடுக்கும் கனம். அதனால் அங்கே கரடு இன்னும் கூடுதல்.

உலோகத்தின் உள்ளேயும் மாற்றம் உண்டு. நாங்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியம், அதிலும் ஆக்சிஜன் 0.13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய கிரேடு 23. உருக்கி வார்த்து அடித்த கம்பியில் இது ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு படிகங்களின் கலவையாக அமைதியாக இருக்கும். லேசரில் உருகியது மின்னல் வேகத்தில் ஆறுவதால் பீட்டாவுக்கு ஒழுங்காகப் பிரிய நேரமே கிடைக்காது. மார்ட்டன்சைட் எனப்படும் ஊசி ஊசியான அமைப்பு வரும். உறுதி அதிகம், ஆனால் உள்ளே இறுக்கம். பிரிண்டர் பிளேட்டிலிருந்து அப்படியே வெட்டினால் துண்டு வளைந்துவிடும். அதனால்தான் பிளேட்டோடு சேர்த்து ஃபர்னஸில் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துகிறோம்.

2016-இல் வெளியான ஓர் ஆய்வு, லேசரில் அச்சிட்ட இந்தக் கலவை உப்புக் கரைசலில், வழக்கமான முறையில் செய்த கிரேடு 5-ஐவிட (இதே ஆறு-நான்கு கலவையின் சாதாரண வகை) அரிமானத்தை, அதாவது உலோகம் அரிக்கப்படுவதை, எதிர்ப்பதில் சற்றுப் பின்தங்கியிருக்கிறது என்றது. மார்ட்டன்சைட் அதிகமாக, பீட்டா குறைவாக இருப்பதைக் காரணமாகச் சொன்னது. அதே ஆண்டு இன்னொரு ஆய்வு, அச்சிட்ட துண்டின் மேல் முகமும் பக்க முகமும்கூட ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்றது. சாதாரண உப்புக் கரைசலில் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தெரிந்தது. இவற்றை வைத்து அச்சிட்ட டைட்டானியமே மட்டம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது அவசர முடிவு. இரண்டு உலோகமும் படலத்தைக் காத்துக்கொண்டுதான் இருந்தன, படலத்தின் தரத்தில்தான் ஏற்றத்தாழ்வு. சூடேற்றும் முறையைச் சரியாகத் தேர்ந்தால் உள்ளமைப்பை மாற்றலாம். ஆனால் அமிலத்தில் வித்தியாசம் தெரிந்தது என்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். உடம்புக்குள்ளும் அமிலம் கூடும் இடங்கள் இருக்கின்றன, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உள்ளமைப்பைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பரப்பளவு. இடுப்பு மூட்டின் கிண்ணத்தையோ முதுகெலும்புக் கூட்டையோ அச்சிடும்போது வெளிப்பக்கத்தைக் கெட்டியாக விடுவதில்லை. மெல்லிய கம்பிகள் பின்னிய வலையாக, லாட்டிஸாக, அச்சிடுகிறார்கள். இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. கெட்டியான டைட்டானியக் கலவையின் விறைப்பு சுமார் 110 ஜிகாபாஸ்கல். கெட்டி எலும்பின் விறைப்பு 10 முதல் 30-க்குள். விறைப்பான உலோகம் சுமையைத் தானே தாங்கிக்கொண்டால் பக்கத்திலிருக்கும் எலும்பு வேலையில்லாமல் கரைய ஆரம்பிக்கும். வலையாக அச்சிட்டால் விறைப்பு எலும்பின் அளவுக்கு இறங்கிவரும். சில நூறு மைக்ரான் அளவுத் துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். 2007-இல் இத்தாலியில் எலக்ட்ரான் கற்றையால் அச்சிட்ட இடுப்புக் கிண்ணம் ஐரோப்பிய அனுமதியோடு வந்தது இந்த நன்மைக்காகத்தான். கடைசலிலோ வார்ப்பிலோ இதைச் செய்யவே முடியாது.

ஆனால் வலை என்றால் உலோகமும் உடல்நீரும் சந்திக்கும் பரப்பு பல மடங்காகிறது. ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து வெளியேறும் அயனி எவ்வளவு குறைவாக இருந்தாலும், சதுர சென்டிமீட்டர்கள் கூடினால் மொத்தம் கூடும். சோதனைக் கூடத்தில் இது வேறு ஒரு தலைவலியாக வரும். ஏஎஸ்டிஎம் எஃப்2129 என்ற தரச் சோதனை முறைப்படி, 37 டிகிரி உப்புக் கரைசலில் துண்டை வைத்து மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி மின்னோட்டத்தை அளக்கிறோம். அதைப் பரப்பளவால் வகுத்தால்தான் வரைபடத்துக்கு அர்த்தம். லாட்டிஸின் பரப்பளவு என்ன? டிசைன் ஃபைல் ஒரு எண் சொல்லும். அதில் ஒட்டிய உருண்டைகள் இல்லை. சிடி ஸ்கேன் இன்னொரு எண் சொல்லும், அது ஸ்கேனின் நுணுக்கத்தைப் பொறுத்து மாறும். டிசைன் ஃபைல் எண்ணால் வகுத்தால் அச்சிட்ட உலோகம் மிக மோசமாகத் தெரியும். உண்மையில் பரப்புதான் அதிகமாக இருந்திருக்கும். எந்தப் பரப்பளவால் வகுத்தோம் என்று எழுதாத கட்டுரையை நான் நம்புவதில்லை. துண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையத்துக்கு அடியில் ஏற்படும் இடுக்கும் தனி அரிமானத்தை உண்டாக்கி முடிவைக் கெடுக்கும். வரைபடத்தில் திடீர் ஏற்றம் கண்டால் முதலில் வளையத்தைக் கழற்றி அடியில் பார்க்க வேண்டும்.

சரி, ஒட்டிய உருண்டைகளை என்ன செய்வது? கரடாக இருந்தால் எலும்புக்கு நல்லதுதானே, விட்டுவிடலாமே என்று கேட்பார்கள். உறுதியாக உருகிச் சேர்ந்த கரடு நல்லது. ஆனால் சின்னக் கழுத்தில் தொங்குகிற உருண்டை எந்த நாளும் கழன்று விழலாம். விழுந்தது மூட்டின் உரசும் பரப்புக்குள் போனால் அங்கே அரைக்கும். திசுவுக்குள் போனால் அதை விழுங்க நோயெதிர்ப்புச் செல்கள் கூடும், வீக்கம் வரும். களைப்பு முறிவும் இருக்கிறது. நடமாடும் ஒருவர் ஒரு காலில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் அடி வைக்கிறார். அத்தனை முறையும் சுமை ஏறி இறங்கும்போது விரிசல் தொடங்குவது மேற்பரப்பின் பள்ளங்களில்தான். ஆர்கான் அழுத்தத்தில், 100 மெகாபாஸ்கலுக்குக் குறையாமல், 900 டிகிரியை ஒட்டி வைத்து எடுக்கும் ஹிப் என்ற முறை உள்ளே இருக்கும் துளைகளை மூடிவிடும். வெளியே திறந்திருக்கும் பள்ளத்துக்குள் ஆர்கானும் நுழைந்துவிடுவதால் அதை மூடாது. ஹிப் செய்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று மேற்பரப்பை அப்படியே விடுவது பாதி வேலை.

வெளிப் பரப்புக்குப் பிளாஸ்டிங் எளிய வழி. மணலடிக்கிற மாதிரி, ஆனால் எதை அடிக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்டீல் துகளை அடித்தால் இரும்பு டைட்டானியத்தில் பதிந்து, பிறகு பழுப்புப் புள்ளியாக எட்டிப்பார்க்கும். அலுமினா அடித்தால் அதன் சில்லுகள் உள்ளே செருகிக்கொள்ளும், கழுவினால் போகாது. அதனால் சிலர் டைட்டானியம் பவுடரையே அடிக்கிறார்கள். சிலர் கால்சியம் பாஸ்பேட் துகளை அடித்துவிட்டு, மிச்சத்தை மென்மையான அமிலத்தில் கரைத்து எடுக்கிறார்கள். பிளேட்டிலிருந்து வயர்கட் போட்டு, அதாவது மின்பொறி பறக்கும் கம்பியால், வெட்டிய முகத்தில் பித்தளைக் கம்பியின் செம்பும் துத்தநாகமும் உருகி ஒட்டியிருக்கும். அந்த முகத்தை அப்படியே பிளாஸ்ட் செய்து மூடுவது தவறு, முதலில் கடைந்தோ அமிலத்தில் கரைத்தோ அதை எடுத்துவிட வேண்டும்.

லாட்டிஸின் உள்ளே பிளாஸ்டிங் எட்டாது. அங்கே போகக்கூடியது திரவம்தான், அதாவது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த கரைசல். ஃப்ளூரைடு ஆக்சைடைக் கரைக்கும். நைட்ரிக் மறுபடி ஆக்சைடைக் கட்டி, ஹைட்ரஜன் உலோகத்துக்குள் நுழைவதைக் குறைக்கும். ஹைட்ரஜன் 0.012 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் உலோகம் நொறுங்கும் குணத்துக்குப் போகும். நைட்ரிக்கைப் பல மடங்கு அதிகமாக வைப்பது அதற்காகத்தான். சூடேற்றும்போது மேலே ஆக்சிஜன் ஊறி விறைத்த ஓடு ஏதாவது உருவாகியிருந்தால் அதையும் இதே கரைசல் எடுத்துவிடும். இங்கே ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 300 மைக்ரான் கம்பியில் சுற்றிலும் 30 மைக்ரான் கரைத்தால் மிஞ்சுவது 240 மைக்ரான். குறுக்குப் பரப்பு 64 சதவீதமாகிறது. வளைவுக்கு எதிரான விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் போவதால் 41 சதவீதம்தான் மிஞ்சும். உருண்டையைக் கழற்றப் போய்க் கம்பியையே பாதியாக்கிவிடலாம். அதனால் எவ்வளவு கரைக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்து, டிசைனிலேயே கம்பியைத் தடிமனாக வைக்க வேண்டும். டிசைன் செய்கிறவரும் ஆசிட் தொட்டியில் நிற்கிறவரும் அச்சிடுவதற்கு முன்பே பேசிக்கொள்ளாவிட்டால் இது நடக்காது. வலையின் நடுவில் அமிலம் சீக்கிரம் செத்துவிடும், குமிழி தங்கும், ஓரம் மெலிந்து நடு அப்படியே இருக்கும். துண்டைத் திருப்பித் திருப்பி, கரைசலை ஓடவிட்டுத்தான் சமப்படுத்த முடியும்.

அந்தத் தொட்டியில் நிற்கிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் மற்ற அமிலம் மாதிரி உடனே சுட்டு எச்சரிக்காது. தோல் வழியாக உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலி தாமதமாக வரலாம், அதற்குள் எலும்புவரை போயிருக்கும். கொஞ்சம் பெரிய பரப்பில் பட்டால் இதயத்தையே நிறுத்தக்கூடியது. கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தொட்டிக்குக் கையெட்டும் தூரத்தில், காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். எலக்ட்ரோபாலிஷிங்குக்கு (மின்சாரம் செலுத்தி மெருகேற்றுவதற்கு) பெர்குளோரிக் அமிலக் கலவை வைப்பவர்கள் 1947 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்ததைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அங்கே அலுமினியம் பாலிஷ் செய்யும் தொட்டி வெடித்து 17 பேர் இறந்தார்கள். ஒருவரின் இடுப்பைக் காப்பாற்றுவதற்கான வேலையில் இன்னொருவரின் கை போகக் கூடாது. அமிலத்தின் இடத்தில் வேறு கரைசல் கொண்டுவரும் ஆய்வுகளை நான் ஆவலோடு பின்தொடர்வதற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்தது பாஸிவேஷன். நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துப் படலத்தை உறுதியாக்குவது என்று எல்லா ஆவணத்திலும் எழுதியிருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அது சரி. டைட்டானியம் தானாகவே படலம் கட்டிக்கொள்கிறது. நைட்ரிக் குளியலின் முக்கியப் பயன், மேலே ஒட்டிய இரும்பு போன்ற அந்நியத் துகள்களைக் கரைத்து எடுப்பது. 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போய், இந்த ஆறு-நான்கு கலவையை நைட்ரிக்கில் பாஸிவேட் செய்தபோது ஆக்சைடின் கனம் குறைந்ததாகவும், அயனி வெளியேற்றம் கூடியதாகவும் காட்டியது. அதனால் அந்தக் குளியலை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை, சுத்தம் செய்வதற்கு அது தேவை. ஆனால் பாஸிவேஷன் செய்த சான்றிதழ் இருக்கிறது, ஆகவே அரிமானப் பிரச்சினை தீர்ந்தது என்று கோப்பை மூடுவதை ஏற்க முடியாது.

படலத்தை உண்மையிலேயே தடிப்பாக்க வேண்டுமென்றால் அனோடைசிங், அதாவது கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தி ஆக்சைடை வளர்ப்பது. எலும்புத் திருகுகளில் பொன், நீலம், ஊதா, பச்சை என்று பார்க்கிறோமே, அவற்றில் சாயம் துளியும் இல்லை. ஒரு வோல்ட்டுக்கு ஏறக்குறைய 2 நானோமீட்டர் வீதம் ஆக்சைடு வளர்கிறது, அந்தக் கனத்தில் ஒளி குறுக்கிட்டு நிறம் காட்டுகிறது. அறுவை அரங்கில் அளவைச் சட்டென்று அடையாளம் காண இது உதவும். இன்னும் மின்னழுத்தத்தை ஏற்றி 200 வோல்ட்டைத் தாண்டினால் மேற்பரப்பில் பொறி பறக்கும். மைக்ரான் கணக்கில் கனமுள்ள, எரிமலை வாய்கள் போலத் துளைகளுள்ள ஆக்சைடு வளரும். கரைசலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பரஸும் அதற்குள் சேரும். அச்சிட்ட லாட்டிஸுக்கு எனக்குப் பிடித்த வழி இதுதான். திரவம் போகும் இடமெல்லாம் படலமும் போகும், எலும்புக்குத் தேவையான நுண்கரடும் கிடைக்கும், உலோகத்துக்குக் கெட்டியான தடுப்பும் கிடைக்கும். முதலில் சொன்ன இழுபறி ஓரளவு சமாதானமாகும் இடம் இது. பிளாஸ்மா தெளிப்பில் ஹைட்ராக்சிஅபடைட் (எலும்பில் இருப்பது போன்ற கால்சியம் பாஸ்பேட்) பூசுவது நேர்க்கோட்டில் எட்டும் இடத்துக்கு மட்டும்தான். அந்த நெதர்லாந்துத் தாடை போன்ற வெளிப்பரப்புக்கு அது பொருந்தும், துளைகள் நிறைந்த கிண்ணத்தில் அது துளைகளின் வாயை அடைத்துவிடும். ஃப்ளூரைடு கரைசலில் வளர்க்கும் நானோக் குழாய்கள் படத்தில் அழகாக இருக்கின்றன, செல்களும் விரும்புகின்றன. திருகும்போதும் செருகும்போதும் உரியாமல் இருக்கும் என்று காட்டியவர்களின் முடிவுகளை மட்டும் நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

இனி உடம்புக்குள். சோதனைக் கரைசல் 37 டிகிரியில், நடுநிலையான பிஎச்சில், அமைதியாக இருக்கிறது. உடம்பு அப்படி இல்லை. அறுவை முடிந்த சில நாட்களுக்கும், தொற்று வந்தாலும், அந்த இடத்தில் அமிலம் கூடும். நோயெதிர்ப்புச் செல்கள் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிடும். 2015-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர் உப்புக் கரைசலில் பெராக்சைடையும், இரத்தத்தில் இருக்கும் அல்புமின் புரதத்தையும் தனித்தனியாகவும் சேர்த்தும் போட்டுப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது இந்த டைட்டானியக் கலவை தனித்தனியாக இருந்ததைவிட அதிகமாகக் கரைந்தது. வெறும் உப்புநீரில் எடுத்த வரைபடத்தை மட்டும் வைத்து மார்தட்டுவது எவ்வளவு அரைகுறை என்று இதிலிருந்து தெரியும். வாய்க்குள் இன்னொரு எதிரி ஃப்ளூரைடு. நடுநிலையான பற்பசையால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் பல் மருத்துவர்கள் பூசும் அமிலத்தன்மையுள்ள ஃப்ளூரைடு ஜெல், எங்கள் ஆசிட் தொட்டியில் நடப்பதையே சிறிய அளவில் செய்யும். டைட்டானியம் இம்ப்ளாண்ட் உள்ளவர்கள் பல் மருத்துவரிடம் அதைச் சொல்லி, நடுநிலை ஜெல்லைக் கேட்டுவாங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது உரசல். இரண்டு உலோகத் துண்டுகளைச் செருகிச் சேர்த்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாத அசைவில் படலம் உடைந்து உடைந்து கட்டும். ஒவ்வொரு முறை கட்டும்போதும் இடுக்கிலிருக்கும் ஆக்சிஜன் தீரும், அமிலம் கூடும், குளோரைடு சேரும். ஒரு கட்டத்தில் படலத்தால் மீளவே முடியாது. 2012 ஜூலையில் ஸ்ட்ரைக்கர் நிறுவனம் ரெஜுவனேட், ஏபிஜி 2 என்ற இரண்டு வகை இடுப்புத் தண்டுகளை (இடுப்பு மூட்டு மாற்றத்தில் தொடை எலும்புக்குள் செருகுபவை) திரும்பப் பெற்றது. கோபால்ட் குரோம் கழுத்தை டைட்டானியத் தண்டில் செருகும் இடத்தில் உரசலும் அரிமானமும் வரக்கூடும் என்பதுதான் அது சொன்ன காரணம். அவை அச்சிட்டவை அல்ல. ஆனால் அச்சிட்ட தண்டிலும் செருகும் கூம்பு இருக்கும். அந்தக் கூம்பை அச்சிட்ட கரடோடு ஒருபோதும் விடக் கூடாது, கடைந்து மெருகேற்றியே தீர வேண்டும். அங்கே உருண்டையும் வேண்டாம், நுண்கரடும் வேண்டாம்.

இதனால்தான் ‘இம்ப்ளாண்ட்டுக்கு எந்த மேற்பரப்பு நல்லது’ என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. எந்த இம்ப்ளாண்ட், அதில் எந்தப் பக்கம் என்று திருப்பிக் கேட்பேன். நிரந்தரமாக இருக்கப்போகும் இடுப்புக் கிண்ணத்தின் முதுகில் எலும்பு பிடிக்க வேண்டும். எலும்பு முறிவுக்குப் போட்டு, ஆறிய பிறகு கழற்றப்போகும் பிளேட்டில் எலும்பு பிடிக்கவே கூடாது. நம் ஊரில் இளைஞர்கள் பலர் பிளேட்டைக் கழற்றிக்கொள்கிறார்கள். கரடான பரப்போடு வந்த பிளேட்டை எடுப்பதற்குள் அறுவை மருத்துவர் படும் பாட்டை அவர்களிடமே கேட்க வேண்டும். மெருகு இல்லாத திருகுத் தலை பிளேட்டோடு கவ்விக்கொண்டு சுற்ற மறுப்பதும் உண்டு.

2021-இல் கொரோனாவோடு வந்த கரும்பூஞ்சை நோயில் பலர் மேல்தாடையையும் கன்ன எலும்பையும் கண்குழியின் தளத்தையும் இழந்தார்கள். அடுத்த ஆண்டு சென்னை ஐஐடி, பல் மருத்துவர்கள் தொடங்கிய ஜோரியாக்ஸ் என்ற சென்னை நிறுவனத்தோடு சேர்ந்து, அப்படிப்பட்டவர்களுக்கு டைட்டானியத்தில் முகத்துண்டுகளை அச்சிடும் முயற்சியை அறிவித்தது. முகத்துண்டைவிடச் சிக்கலான மேற்பரப்பு வேலை வேறில்லை என்பேன். ஒரு பக்கம் மிஞ்சிய எலும்போடு திருகப்பட்டிருக்கும், அங்கே கரடு வேண்டும். இன்னொரு பக்கம் மெல்லிய கன்னத் தோலுக்கு அடியில் கிடக்கும். அங்கே கரடு இருந்தால் தோலை உள்ளிருந்து தேய்த்துத் துளைக்கும். மூன்றாவது பக்கம் வாய்க்கும் மூக்குக்கும் திறந்திருக்கும். அங்கே கரடில் கிருமி படலம் கட்டும். நோயாளிகளில் பலர் சர்க்கரை நோயாளிகள், அவர்களுக்குப் புண் ஆறுவதும் தொற்றோடு போராடுவதும் கடினம். ஒரே துண்டில் எலும்புப் பக்கத்தை மறைத்துவைத்து மற்ற பக்கங்களை மெருகேற்ற வேண்டும். அப்புறம் மறைப்பின் ஓரத்தில் படி ஏதும் விழாமல் எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவ வேண்டும். அச்சிடும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் ஆகலாம். விலைப்பட்டியலில் இந்த வேலை தனி வரியாக வருவதே அரிது.

இப்படி ஒரு துண்டு உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பொருத்தப்படப்போகிறது என்றால், அல்லது நீங்கள் வாங்கும் இடத்தில் இருக்கும் மருத்துவர் என்றால், எந்தக் கம்பெனிப் பிரிண்டர் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். லாட்டிஸுக்குள் பவுடர் மிச்சமில்லை என்று எப்படிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். சிடி எடுத்தார்களா, எடை பார்த்தார்களா? எவ்வளவு மைக்ரான் கரைத்தார்கள், கரைத்த பிறகு ஹைட்ரஜன் அளந்தார்களா? அரிமானச் சோதனையை எந்தத் துண்டில் செய்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் கிடைக்கும் பதில், கூடவே அச்சிட்ட தட்டையான சின்ன வில்லையில் என்பதுதான். வில்லைக்குக் கீழ்நோக்கிய சரிவு கிடையாது, நடுவில் அமிலம் எட்டாத வலை கிடையாது. பெரும்பாலும் அது ஸ்டெரிலைசேஷன் வழியாகவும் போயிருக்காது. எல்லா வேலையும் முடிந்து, பைக்குள் சீல் வைக்கும் நிலையில் இருக்கும் துண்டு ஒன்றையே எடுத்து, அதைப் பலிகொடுத்துச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். ஒருவருக்காக மட்டும் அச்சிடும் முகத்துண்டில் அதற்காக இரண்டாவது துண்டு அச்சிட வேண்டியிருக்கும், செலவு கூடும். அந்தச் செலவை விலையில் சேர்த்துச் சொல்கிற தயாரிப்பாளரிடம் நான் என் வீட்டாரை அனுப்புவேன்.